தீக்காவல் வீடும் ஒரு சிவப்புப் புடவையும்

டைபாய்டில் படுத்து எழுந்தவருக்குக் காற்று மாற்றம் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், ஊரில் மற்றப் பெண்டாட்டிகளுக்கு ஊட்டி கிடைக்கும். போகட்டும், ஏற்காடாவது கிடைக்கும். எனக்குக் கிடைத்தது தீக்காவல் வீடு. கல்வராயன் மலை உச்சியில், காட்டுத்தீ வருகிறதா என்று பார்ப்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கல் வீடு ஒன்று இருக்கிறது, அனுமதி வாங்கினால் தங்கலாம் என்று என் வீட்டுக்காரரிடம் ஆபீஸில் யாரோ சொல்லிவிட்டார்கள். மனுஷரை விட்டுக் காய்ச்சல் போய் இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

"கரண்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

"அங்கே எதுக்குக் கரண்ட்?"

"தண்ணி?"

"சுனைத் தண்ணி, சரோஜா! சுனைத் தண்ணி!"

அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்ததைப் பார்த்து எனக்கு மறுக்க மனசு வரவில்லை. எலும்பும் தோலுமாக இருக்கிறவர், ஆசைப்பட்டுவிட்டார், போய்த் தொலைவோம் என்று மூட்டை கட்டினேன். ஒரு டிரங்குப் பெட்டி. அதில் பாதி அரிசி, பருப்பு, மருந்து. மீதிப் பாதி அவருடைய புஸ்தகங்கள். எங்கள் வீட்டில் நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால்கூடத் தாங்கிக்கொள்வார். புஸ்தக அலமாரியைத் தூசு தட்டப் போனால் கூடவே வந்து நிற்பார்.

இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. இன்றைக்கு ஓடுகிற பஸ் நாளைக்கு ஓடுமா என்பது கண்டக்டருக்கே தெரியாது. உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது டீக்கடை பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். போராட்டத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் கேட்டார்.

"படிச்ச புள்ளைக்கு வேலை இல்லன்னா அப்பன் ரோட்டுல வந்துதான் சார் குந்துவான். அது நாயம்தான்," என்றார் டிரைவர். "ஆனா நான் ஏத்திக்கினு வந்தது தக்காளி. அதுக்கு இன்னா தெரியும், சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் அவருக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார்.

கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா ஊர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில், எண்ணெய் இல்லாமல் ஒரு தோசை என்றேன். சர்வர் இலையைப் போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்கு ஒடம்புக்கு இன்னா?" என்றார். டைபாய்டு என்றேன். "அப்ப தோசையே வோணாம், இட்லி துன்னட்டும்," என்று அவரே முடிவு செய்து, கூடவே ஒரு தம்ளரில் சூடாக மிளகு ரசமும் கொண்டுவந்து வைத்தார். மெட்ராஸில் நாங்கள் பல வருஷமாகப் போகிற ஓட்டலில் சர்வர் எங்கள் மூஞ்சியை நிமிர்ந்து பார்த்தது கிடையாது.

மலை பஸ்ஸில் ஆடு, கோழி, மண்ணெண்ணெய் டின், நாங்கள். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் வண்டி அடிக்கடி பெருமூச்சு விட்டு நின்றது. பானட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்கள். நின்ற இடத்திலெல்லாம் ஒரு கிழவர் இறங்கிப் போய்க் கொஞ்சம் விறகு பொறுக்கிக்கொண்டு வந்தார். மேலே போய்ச் சேரும்போது அவரிடம் ஒரு கட்டே சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி வந்தார். சளி பிடிக்கும், தலையை உள்ளே இழுங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

ரோடு முடிந்த இடத்தில் வாட்ச்சர் சடையன் காத்திருந்தார். காக்கிச் சட்டை, தலையில் சிவப்புத் துண்டு, இடுப்பில் கொடுவாள். முப்பது வயசு இருக்கும். தினக்கூலி வாட்ச்சர்; என்றைக்காவது நிரந்தரமாக்குவார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாங்கம்மா இதுல, கல்லா?"

"புஸ்தகம்," என்றேன்.

"கல்லே தேவலாங்கம்மா."

அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கருங்கல் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. நாலு பக்கமும் ஜன்னல். பாதி ஜன்னலுக்குக் கதவு கிடையாது, சாக்கு தொங்கியது. நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல் மேடை, அதன் மேல் வட்டமாகப் பித்தளைத் தகடு, விளிம்பில் திசை எண்கள். அந்தக் காலத்துத் துரை அதில் குறி பார்த்துத்தான் தீ எந்தத் திசையில் என்று கண்டுபிடிப்பாராம். சடையன் அதன் மேல் களிச் சட்டியை வைத்திருந்தார்.

"சரித்திரம், சரோஜா!" என்று என் வீட்டுக்காரர் தவித்துப்போனார்.

"சூடு நல்லா தாங்கும் சார்," என்றார் சடையன்.

வாசலில் மரக்கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. அதுதான் மணி. அதை நிறுத்தாமல் அடித்தால் சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனை ஆண்பிள்ளை இருக்கிறானோ அத்தனை பேரும் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு தீ அணைக்க ஓடி வர வேண்டும். சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு வர வேண்டும். அது மலையில் ஊர்க்கட்டுப்பாடு. தீ எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஜன்னலில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். பள்ளத்தில் இருக்கிறவனுக்குப் புகை தெரியாது, ஆனால் இந்த வீடு தெரியும்.

"தீ இல்லாமலே அடிச்சுட்டா?" என்று கேட்டேன்.

"அடிச்சவனுக்கு வேலை போச்சு. எனக்கு முன்ன இருந்தவரு, தேன் எடுக்கறவங்க போட்ட பொகையைப் பாத்துட்டு அடிச்சிட்டாரு. அவ்ளோ பேரும் ஓடியாந்தாங்க. இன்னா ஏச்சு! இப்ப கீழ ஆடு மேய்ச்சிக்கினு இருக்காரு, பாவம்."

மறுநாள் விடிந்ததும் நான் பல் விளக்க வெளியே வந்தபோது சடையன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எதிர்மலையையே பார்த்து நின்றார். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பறவை பார்க்கக் கொண்டுவந்த பைனாகுலரை அதே திசையில் திருப்பினார்.

"காட்டைப் பார்க்கலை, சரோஜா," என்றார். "புடவையைப் பார்க்கிறார்."

வாங்கிப் பார்த்தேன். எதிர்மலைச் சரிவில் நாலைந்து கூரை வீடுகள். ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் பாறை. பாறையில் ஒரு சிவப்புப் புடவை விரித்துக் காய்ந்தது. சடையனுக்கு வெட்கம் வந்துவிட்டது. ஆறடி ஆள் துண்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் மனைவி பொன்னிக்கு அது நிறை மாசம். துணைக்கு அவளுடைய அம்மா வந்து இருந்தாள். காலையில் புடவை பாறையில் காய்ந்தால் பொன்னி நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டு பேரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு.

"மொத புள்ள வழியிலயே பூட்ச்சிங்கம்மா," என்றார். "வலி கண்டதும் டோலி கட்டித்தான் கீழ தூக்கிக்கினு போவணும். அதுக்கு ஆள் மாத்தி மாத்தித் தூக்க பத்துப் பேராவது வேணும். எல்லாரும் புளி உலுக்கக் காட்டுக்குப் போயிட்டாங்க. ஆள் சேக்கறதுக்குள்ள..."

நான் கேட்டேன். "ஏதாவது அவசரம்னா? ஒரு புகை போட்டுக் காட்டச் சொல்லக் கூடாதா?"

"ஐயோ, பொகையா? வேற வெனையே வோணாம். பொகையைப் பாத்தா நான் மணி அடிச்சே ஆவணுமே! பொடவை இல்லன்னா எறங்கி ஓடியாந்துருவேன்னு சொல்லிக்கிறேன். அதுக்குள்ள மாத்து ஆளும் வந்துருவாரு."

மாத்து ஆள் என்பது அவருக்குப் பதில் காவல் இருக்க வேண்டிய இன்னொரு வாட்ச்சர். மலைக்குக் கீழே சமவெளியில் இருந்தார். அந்த வாரமே வர வேண்டியவர். தீ சீசனில் ஆள் மாற்றாமல் இறங்கக் கூடாது.

பேச்சை மாற்றுவதற்காக நான் பைனாகுலரில் பார்த்து, பக்கத்தில் பளபளவென்று இருக்கிற சின்னக் கொட்டகை என்ன என்றேன். சடையன் முகம் மலர்ந்தது. ஆட்டுப் பட்டியாம். போன மாசந்தான் புதுசாகக் கூரை வேய்ந்தாராம். தர்ப்பைப்புல், ஒரு சொட்டு ஒழுகாது, அஞ்சு வருஷம் தாங்கும் என்று அதன் பெருமையை அன்று பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்கள் நன்றாகத்தான் போயின. காலையில் புடவை, பிறகு காடு, பிறகு சமையல். சடையன் எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தார். ஏதோ ஒரு காட்டுக் கீரையைப் புளி விட்டுக் கடைந்தார். நாங்கள் தூக்கி வந்த அரிசியை அவர் தொடவே இல்லை. ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார். காய்ச்சல் வந்ததிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்கவே இல்லை. அடுப்புப் பக்கம் திரும்பி அழுதுவிட்டேன். இரண்டு பேரும் என்ன ஏது என்று கேட்டார்கள். ஈர விறகு என்றேன்.

தினமும் பஸ் ஏறி வருகிற உறுமல் சத்தம் பள்ளத்திலிருந்து கேட்கும். ஒருநாள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. தேன் கொண்டுவந்தவர் ஒருவர் சேதி சொன்னார்.

"கச்சிராயபாளையத்தாண்ட ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டுக்கிறாங்க. இந்தாண்ட வண்டி இந்தாண்ட, அந்தாண்ட வண்டி அந்தாண்ட. ஈ காக்கா போவல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து தீர்ந்துபோகும், மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும், மெட்ராஸில் பால்காரன் வாசலில் பாலை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். என் வீட்டுக்காரரோ, இன்னும் நாலு நாள் இருக்கலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். அது முகத்திலேயே தெரிந்தது. சடையனுக்குக் கவலை வேறு. மாத்து ஆள் அந்த மரத்துக்கு அந்தாண்ட இருந்தார்.

"நீங்க இப்பவே வீட்டுக்குப் போங்க," என்றேன். "நாங்க ரெண்டு பேர் இருக்கோம். புகை தெரிஞ்சா மணி அடிக்கத் தெரியாதா எங்களுக்கு?"

"ஆளு மாத்தாம எறங்கினேன்னு தெரிஞ்சா மேல எழுதிடுவாங்கம்மா. இதைத்தான் நம்பிக்கினு இருக்கோம்." எதிர்மலையைப் பார்த்துக்கொண்டார். "பொடவை காயுதே. நல்லாத்தான் இருக்கா."

அடுத்த நாள் காலை பாறை வெறுமையாக இருந்தது.

"இன்னும் தோய்ச்சிருக்க மாட்டா," என்றார் சடையன். என் வீட்டுக்காரர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. நான் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்து, பொறுக்கின கல்லைத் திரும்ப அரிசியிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். சடையன் கொடுவாளை எடுத்து இடுப்பில் செருகினார். வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது. வாசலைத் தாண்டவில்லை, என் வீட்டுக்காரர் கத்தினார்.

"புகை!"

எதிர்மலையில் கரும்புகை கிளம்பி நேராக மேலே ஏறியது. அடியில் சிவப்பாக நாக்கு தெரிந்தது. "என் வூட்டாண்ட," என்றார் சடையன். அடுத்த கணம் தண்டவாளம் அலறியது. அவர் அடித்த அடியில் மரமே ஆடியது. ஆனால் கண் புகையிலேயே இருந்தது, கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை. நான் போய் அவர் கையிலிருந்த இரும்பைப் பிடுங்கினேன்.

"போ! ஓடு! நாங்க அடிக்கிறோம்!"

அவரை நான் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் சரிவில் குதித்து ஓடிவிட்டார். ஓடின பிறகுதான், ஜன்னலில் கட்ட வேண்டிய சிவப்புத் துணி அவர் தலையில் இருந்த துண்டுதான் என்று எனக்கு உறைத்தது.

உள்ளே ஓடிப் பெட்டியைக் கவிழ்த்தேன். புஸ்தகத்துக்கு அடியில் என் அரக்குச் சுங்குடிப் புடவை இருந்தது. காட்டுக்கு எதுக்கு இது என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு வைத்தது. எதிர்மலையைப் பார்த்த கிழக்கு ஜன்னலில் அதைக் கட்டித் தொங்கவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், டைபாய்டு மனுஷர் இரும்பை எடுத்து மணி அடித்துக்கொண்டிருக்கிறார். "உங்களுக்கு என்ன, உசிரு மேல ஆசை இல்லையா?" என்று கத்தினேன். "நாற்காலி கொண்டா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து அவர் அடித்தார். கை ஓய்ந்ததும் நான் அடித்தேன். பிறகு மறுபடியும் அவர்.

மலை முழுக்க ஆட்கள் முளைத்தார்கள். ஒற்றையடிப் பாதைகளில், புளியந்தோப்புகளிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ. கையில் தழையோடு நின்று இந்த வீட்டைப் பார்த்து, ஜன்னலில் என் புடவையைப் பார்த்து, கிழக்கே திரும்பி ஓடினார்கள். பைனாகுலரில் பார்த்தேன். தீ ஆட்டுப் பட்டியில்தான். வீட்டுக்குப் பரவவில்லை. அடித்து அணைத்தார்கள், புகை வெளுத்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் யாரும் கலைந்து போகவில்லை. தழைகளை ஒரு ஓரமாக எறிந்துவிட்டு வீட்டு வாசலில் கூடினார்கள். இரண்டு பேர் மூங்கில் கொண்டுவந்தார்கள். ஒருவர் கம்பளி கொண்டுவந்தார்.

"டோலி கட்டறாங்க," என்றேன்.

கூட்டமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் ஒரு சிவப்புத் துண்டு ஓடியது. பிறகு காடு மறைத்துக்கொண்டது.

அதன் பிறகு இருந்த நாட்களை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். காவல் எங்களுடையதாகிவிட்டது. விடிந்தால் பாறையைப் பார்ப்போம், ஒன்றும் இருக்காது. பிறகு காட்டைப் பார்ப்போம். எனக்கு என்னென்னவோ நினைப்பு வரும். கல்யாணமான நாளிலிருந்து பேசாத சாமியிடமெல்லாம் பேசினேன். என் வீட்டுக்காரர் ஒரு புஸ்தகத்தையும் திறக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் பஸ் உறுமல் கேட்டது. மாத்து ஆள் மூச்சு வாங்க ஏறி வந்தார். ரோட்டைத் திறந்துவிட்டார்களாம்.

"பொன்னி?" என்றேன், அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல்.

"கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேத்துக்கிறாங்கன்னு சொன்னாங்க. மத்தது தெரியலிங்க."

அன்றே இறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டினதும் ரோட்டோரத்தில் ஒரு பெரிய புளியமரம் கிளைகளோடு ஒதுக்கிக் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பெரியாஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் சடையன் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் தாடி. என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ணுங்கம்மா," என்றார். "ரெண்டு பேரும் நல்லாகிறாங்க."

நான் அங்கேயே நின்று அத்தனை சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

உள்ளே போகிற வழியில் அவரே சொன்னார். மரம் வெட்டிப் போட்ட இடத்தில் கூட்டம் நின்றதாம். டோலியைப் பார்த்ததும் ஒரு பெரியவர், "ஏய், புள்ளத்தாச்சி வருது, வழி வுடு!" என்று கத்தினாராம். மரத்தை நகர்த்த நேரமில்லை. மறியலுக்கு வந்தவர்கள் கிளைகளின் மேல் ஏறி வரிசையாக நின்று டோலியைக் கைக்குக் கை மாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்களாம். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்ற டிராக்டரில் ஏற்றி, அவர்களிலேயே இரண்டு பேர் கூட வந்தார்களாம். "பேரு கூட கேக்கலிங்கம்மா," என்றார் சடையன்.

பொன்னி சுவரோரம் படுத்திருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். குழந்தை அவள் கைக்குள் சுருண்டு தூங்கியது. குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேச ஏதாவது வேண்டுமே என்று, "நல்லவேளை, அடுப்பு நெருப்பு பட்டியோட நின்னுது. வீடு பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றேன்.

பொன்னி தன் புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடுப்பு நெருப்பு இல்லிங்கம்மா. நான்தான் எங்கம்மாவைக் கொளுத்தச் சொன்னேன்."

சடையன் வாயைத் திறந்தபடி நின்றார். அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

"ராவெல்லாம் வலி. ஊர்ல ஒரு ஆம்பள இல்ல, எல்லாம் புளி உலுக்கப் போய்க்கிறாங்க. பொடவை போடலன்னா இவரு மட்டுந்தான் ஓடியாருவாரு. ஒருத்தரு வந்து இன்னா பண்ண? மணி அடிச்சாத்தானே அல்லாரும் வருவாங்க?"

"அதுக்குக் கொஞ்சம் தழையைப் போட்டுப் புகை காட்டியிருந்தால் போதாதாம்மா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பொய்ப் பொகைக்கு மணி அடிச்சா இவரு வேலை போயிருமே சார்," என்றாள் பொன்னி. "அதான் நெசமாவே கொளுத்தச் சொன்னேன்."

சடையன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நல்ல கூரைடி அது," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "போன மாசந்தான் வேஞ்சேன்."

"திரும்ப வேய்ங்க," என்றாள் அவள். "ஆட்டையெல்லாம் அவுத்து வுட்டுட்டுத்தான் கொளுத்துச்சு அம்மா."

மெட்ராஸ் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வெகு நேரம் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணுன்னா நீங்க எதைக் கொளுத்துவீங்க?"

உளுந்தூர்பேட்டை வந்தது, போயிற்று. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"புஸ்தக அலமாரி," என்றார் திடீரென்று. "அதுதான் நல்லா எரியும்."

இருபது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் எனக்கு இவ்வளவு பெரிய வார்த்தை சொன்னதே இல்லை. திண்டிவனத்தில் பஸ் நின்றதும் அவரைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போய், எண்ணெய் ஊற்றி முறுகலாக ஒரு தோசை வாங்கிக் கொடுத்தேன்.